ஸுல்பிகாவுக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு மணித்தியாலம்

மதுரங்குளிச் சந்தியிலிருந்து களப்புப் பக்கமாகப் பிரியும் கிரவல் வீதியில் ஸுல்பிகா நடத்தும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்பு இருந்த பலகையை ஒரு கச்சான் காற்று கொண்டுபோய்விட்டது. புதிதாக ஒன்று அடிக்க வேண்டும் என்று அவளும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் “ஸுல்பி ராத்தாட கொமினிகேஷன்” எங்கே என்று கேட்டால் வழி சொல்லத் தெரியாத ஆள் அந்தக் குடியிருப்பில் இல்லை. ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஒரு கணினி, கடகடவென்று சுற்றும் மின்விசிறி, வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். கடை அவ்வளவுதான். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை என்று ஊரார் அரசாங்கத்தோடும் உலகத்தோடும் பேச வேண்டியதெல்லாம் அந்தக் கணினி வழியாகத்தான் போகும்.

பயந்த சுபாவம் அவளுக்கு. அதை மறைத்து எழுதிப் புண்ணியமில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகு, பூட்டினேனா இல்லையா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு மோந்து பார்ப்பாள், பிறகு இன்னொரு முறை மோந்து பார்ப்பாள். இறால் பண்ணையில் வேலை செய்யும் அவள் கணவன் ஹஸன், “உன்னக் கண்டா அந்தப் பூட்டுக்கே அலுப்பு” என்று சீண்டுவான். அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே போய் மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

இந்தப் பயம் எங்கே பிறந்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவர்களுடைய பயமும் அங்கேதான் பிறந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஸுல்பிகாவுக்கு அப்போது பத்து வயது. ஒலிபெருக்கி கட்டிய வாகனமொன்று தெருத் தெருவாக வந்து முஸ்லிம்கள் எல்லாரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டது. அங்கே துப்பாக்கியோடு நின்றவர்கள் ஊரைவிட்டுப் போக இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அவளுடைய வாப்பா இஸ்ஸதீன் தையல்காரர். வீட்டுக்கு ஓடிவந்தவர், மெஷினில் பாதி தைத்திருந்த யாரோ ஒருவருடைய சேட்டு ஒன்றை எடுத்து, சுருக்கமில்லாமல் மடித்து, மேசைமேல் வைத்தார். உடுப்புக்காரன் வந்து தேடுவான் என்றார். உம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஏன், எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை, நேரம்தான் போயிற்று. யாராவது நேரம் குறித்து ஒன்றைச் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்துவிட வேண்டும் என்று அந்தச் சின்ன உடம்பு அன்று படித்துக்கொண்டது. நிவாரணப் பதிவானாலும் வீட்டுத்திட்டமானாலும், கடைசித் திகதி என்று ஒரு சொல்லைக் கண்டால் வரிசையில் முதல் ஆளாக ஸுல்பிகாதான் நிற்பாள்.

இந்தக் களப்போரம் வந்து சேர்ந்த அகதி முகாமில் இன்னொன்றும் படித்தாள். ஓலைக் கொட்டில்கள் மழைக்கு ஒழுகும், வெயிலுக்குத் தீப்பிடிக்கும். அவளுடைய உம்மாவிடம் மட்டும் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனால் அந்த வரிசையில் இருந்த எல்லாக் குடும்பத்தினதும் பிறப்புச் சான்றும் காணி உறுதியும் கூப்பன் அட்டையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் கிடந்தன. தீ என்று சத்தம் கேட்டால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும். எத்தனையோ வருடம் அப்படியே காப்பாற்றினார்கள். ஒரு துண்டுகூடத் தொலையவில்லை.

கடை வைத்த பிறகு ஸுல்பிகா செய்ததும் அதே வேலைதான். வருகிற பெண்கள் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள், கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள், போனைப் பிள்ளை தண்ணீருக்குள் போட்டுவிட்டது என்பார்கள். ஆளுக்கொரு மின்னஞ்சல் திறந்து கொடுத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. கடைசியில் தன்னுடைய மின்னஞ்சல் பெட்டி ஒன்றையே எல்லாருக்கும் வைத்துக்கொண்டாள். யாருக்கு வேலை தேடினாலும் அவருடைய கடவுச்சீட்டுப் பிரதி, படம், மருத்துவச் சான்று, தொலைபேசி இலக்கம் எல்லாம் அதற்குள். உம்மாவின் தகரப் பெட்டி கணினிக்குள் வந்துவிட்டது என்று அவளுக்குப் பெருமை. ஊருக்கும் அது பிடித்திருந்தது. நமது சாமான் ஸுல்பியிடம் இருக்கிறது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு படுத்துக்கொண்டது. எரிபொருளுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கரண்ட் நினைத்த நேரம் போய் நினைத்த நேரம் வந்தது. எல்லாருக்கும் எங்காவது போனால் போதும் என்றிருந்தது. ஸுல்பிகாவின் கடைக்கு முன்னால் பெண் பிள்ளைகள் கடவுச்சீட்டும் கையுமாக நின்றார்கள். பக்கத்து வளவு நஃபீஸாவின் மகள் ஸஹ்னா கத்தாருக்கு வேலைக்குப் போகக் காத்திருந்தாள். கடலோரக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றிலிருந்து நிலானி என்றொரு பிள்ளையும், ஸுல்பிகாவின் பெயரைக் கேள்விப்பட்டு, பஸ் ஏறி வந்து பதிந்துவிட்டுப் போனாள்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடை திறந்தபோது அந்த மின்னஞ்சல் வந்து கிடந்தது. உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் வேறு நாட்டிலிருந்து ஒருவர் நுழையப் பார்க்கிறார் என்றது. இரண்டு மணித்தியாலத்துக்குள் நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிப்படுத்தாவிட்டால் பெட்டி மூடப்படும், உள்ளே இருப்பவை எல்லாம் அழிக்கப்படும் என்றது. கீழே ஒரு சிறிய கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஸுல்பிகா அதை மறுபடியும் படித்தாள். ஸஹ்னா, நிலானி, இன்னும் எத்தனை பிள்ளைகள். எல்லாருடைய சாமானும் அதற்குள் இருக்கிறதே. தீ என்று கத்தியது போலத்தான் அவளுக்குக் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் நினைவில் இருந்தது. காட்டிய இடத்தில் அமுக்கினாள். திறந்த பக்கம் தினமும் பார்க்கிற அதே பக்கம், அதே நிறம், அதே அடையாளம். மேலே இருந்த முகவரியில் மட்டும் வழக்கமில்லாத வால் ஒன்று நீண்டு கிடந்தது. முகவரியைப் பார்க்கிற நேரமா அது? கடவுச்சொல்லைக் கொடுத்தாள். போனுக்கு ஓர் இலக்கம் வந்தது. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் எழுதினாள். நன்றி, உங்கள் பெட்டி பாதுகாக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டு, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள்.

பிறகு ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெட்டி வழக்கம்போலத் திறந்தது. ஆனால் ஒரு நாள், தான் இன்னும் திறக்காத கடிதமொன்று திறந்து கிடந்ததைக் கண்டாள். இன்னொரு நாள், பழைய கடவுச்சீட்டுப் பிரதிகள் யாரோ புரட்டிப் பார்த்தது போல மேலே வந்து கிடந்தன. வீட்டுக்குள் ஆள் நிற்கிறான், அறை எது என்றுதான் தெரியவில்லை என்பது போல ஒரு பயம். ஹஸனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். வாயைத் திறந்துவிட்டு, மீன்காரன் வரவில்லை என்று வேறொன்றைச் சொல்லி மூடிக்கொண்டாள். சொன்னால் உண்மையாகிவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. பூட்டைப் பல முறை இழுத்துப் பார்க்கிறவளுக்கு, இந்தப் பூட்டை எங்கே இழுத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை காலையில் கணினியைத் திறந்தபோது பெட்டி திறக்கவில்லை. கடவுச்சொல் பிழை என்றது. மறுபடி அடித்தாள், பிழை என்றது. அந்த நேரம் பார்த்து, கையில் பாணோடு நஃபீஸா கடை வாசலைத் தாண்டிப் போனவள், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“நீ இங்கயா இருக்கிறா? கொழும்புல நிக்கிறன் என்டெல்லோ ராவு மெசேஜ் போட்ட நீ?”

நஃபீஸா தன் போனை எடுத்து நீட்டினாள். மகள் அனுப்பிக் கொடுத்த செய்தி. மேலே ஸுல்பிகாவின் படம், ஆனால் தெரியாத இலக்கம். இது ஸுல்பி ராத்தாவின் புது நம்பர், பழைய நம்பர் கள்ளர் கையில் மாட்டிவிட்டது, அதிலிருந்து யார் எடுத்தாலும் தூக்க வேண்டாம் என்று தொடங்கியது. மருத்துவப் பரிசோதனை முன்னுக்கு வந்துவிட்டது, தான் கொழும்பில் ஏஜென்சியில் நிற்பதாகவும், காலையில் சந்திக்கு ஒரு வான் வருமென்றும், கடவுச்சீட்டோடு அதில் ஏறி வரும்படியும் சொன்னது. முடிவில், “துஆச் செஞ்சுகொள்ளுங்க புள்ள” என்று இருந்தது. அதைப் படித்தபோதுதான் ஸுல்பிகாவுக்கு உயிரே போனது. எந்தக் கடிதத்தையும் அவள் அப்படித்தான் முடிப்பாள். தன்னுடைய பெட்டிக்குள் ஒரு வாரம் குந்தியிருந்து, தன்னைப் படித்து, தன் வாயாலேயே பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறான்.

“ராத்தா, இது நானில்ல” என்றாள். “ஸஹ்னா எங்க?”

நஃபீஸா கையிலிருந்த பாண் கீழே விழுந்தது. மகளைப் பாதி வழி கொண்டுபோய் விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பியதாகச் சொன்னாள். ஸுல்பிகா ஸஹ்னாவுக்கு அழைத்தாள். மணி அடித்தது, பிள்ளை தூக்கவில்லை. தூக்க வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறான். நஃபீஸாவின் போனிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள், காசு முடிந்து அழைப்பே போகவில்லை. த்ரீவீலர் ஒன்றைப் பிடிப்போம் என்றால், வீதியில் நின்ற ஒன்றிலும் சொட்டுப் பெற்றோல் இல்லை. ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளை ஏற்ற ஒரு வான் வருகிறதென்றால் அது என்ன வான் என்று ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்றே. நஃபீஸா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சந்தியை நோக்கி ஓடத் தொடங்கினாள். ஐம்பது தாண்டிய, மூட்டு வலிக்காரி. அவள் போய்ச் சேருவதற்குள் வான் போய்விடும்.

வேறு யார் யாருக்கு இந்தச் செய்தி போயிருக்கிறது? அதுவும் தெரியாது. போனில் எழுதினால் கள்ளன் எழுதியதென்பார்கள். போனில் பேசினால் தூக்கமாட்டார்கள். அவளுடைய பெயர், படம், அவள் கதைக்கிற விதம் எல்லாம் அவன் கையில். அவன் கைக்குப் போகாதது ஒன்றுதான் அந்த ஊரில் இருந்தது. ஸுல்பிகா வீதியைக் குறுக்கே கடந்து பள்ளிவாசல் பக்கக் கதவுக்கு ஓடினாள்.

பள்ளியின் ஒலிபெருக்கி சந்தி வரை கேட்கும். அதில் பாங்கு சொல்வார்கள், ஆள் இறந்தால் ஜனாஸா அறிவிப்பார்கள், பிள்ளை காணாமல் போனால் சொல்வார்கள். வேறெதற்கும் எடுப்பதில்லை. நிர்வாக சபைத் தலைவர் றஊப் ஹாஜியார் அப்போது அங்கேதான் இருந்தார். அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதில் பாதிதான் அவருக்கு விளங்கியது. பொம்பிளைகள் பேரைச் சொல்லி இப்படியெல்லாம் அறிவிக்கிற வழக்கமில்லை, நாளைக்கு உனக்குத்தான் அவமானம் என்று இழுத்தார். பிள்ளை காணாமல் போனால் அது வேறு கதை என்றார்.

“காணாமப் போறதுக்கு முந்திச் சொல்லுங்க ஹாஜியார்” என்றாள் ஸுல்பிகா. “போன பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பாங்கு சொல்கிற முஅத்தின் ஜெமீலைக் கைகாட்டினார்.

ஜெமீல் நல்ல மனிதன். ஆனால் அவனுக்கு அறிவித்தல் சொல்லத் தெரிந்த முறை ஒன்றுதான், ஜனாஸா அறிவிக்கிற முறை. தொண்டையைக் கனைத்தான், ஸலாம் சொன்னான், தொடங்கினான். யாழ்ப்பாணம் சோனகத் தெருவைப் பிறப்பிடமாகக் கொண்ட மர்ஹூம் இஸ்ஸதீன் அவர்களின் மகளும், ஹஸன் அவர்களின் மனைவியுமான ஸுல்பிகா அவர்கள்…

பக்கக் கதவில் நின்று அவள் அதைக் கேட்டாள். எத்தனையோ பேரை அந்தக் குரல் இதே சொற்களால் அனுப்பி வைத்திருக்கிறது. அவளுடைய வாப்பாவையும் அதே குரல்தான் அறிவித்தது. உடம்பிலிருந்த சூடெல்லாம் இறங்கிவிட்டது போலிருந்தது. தான் செத்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்தபோது அது பொய் என்று உடனே தோன்றவுமில்லை. ஜெமீல் மூச்செடுத்துத் தொடர்ந்தான். தன் பெயரில் வந்த செய்தி பொய் என்று அவர் அறிவிக்கிறார், சந்தியில் நிற்கும் வானில் எந்தப் பிள்ளையும் ஏற வேண்டாம், கடவுச்சீட்டை எவரிடமும் கொடுக்க வேண்டாம், சந்தியிலுள்ள கடைக்காரர்கள் உடனே கவனிக்கவும். அதையே திரும்பவும் சொன்னான்.

சந்தியில் அப்போது நடந்ததை ஸஹ்னா பிறகு எல்லாருக்கும் சொன்னாள். வான் வந்து நின்றிருந்தது. உள்ளே நிலானி ஏற்கனவே இருந்தாள். ஸஹ்னா ஒரு காலை ஏற்றியபோதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தக் குரலைக் கேட்டால் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நின்று, யாருடைய பெயர் என்று முழுதாகக் கேட்டுத்தான் நகர்வார்கள். சின்ன வயதிலிருந்து அவள் பழகியது அது. ஸுல்பிகா என்ற பெயர் வந்ததும், மரணச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொல்லிக்கொண்டே காலை இறக்கினாள். இறக்கிய காலோடு மிச்சத்தையும் கேட்டாள். சாரதி, ஏறுங்க தங்கச்சி, நேரம் போகுது என்றான். நிலானிக்கு அந்த அறிவித்தல் பழக்கமில்லை, அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஸஹ்னா அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். பலசரக்குக் கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வான் கதவு திறந்தபடியே சிலாபம் பக்கம் பறந்தது.

ஹஸன் பண்ணையிலிருந்து ஓடி வந்தான். முழங்கால் வரை சேறு. மனைவியின் பெயர் காதில் விழுந்ததுமே வாளியைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கியவன், மிச்ச அறிவித்தலைக் கேட்க நிற்கவில்லை. பள்ளி மதிலோரம் உட்கார்ந்திருந்த ஸுல்பிகாவைக் கண்டதும் அவள் தோளைத் தொட்டான், கன்னத்தைத் தொட்டான், பிறகு நடுவீதியில் குந்தியிருந்து சின்னப் பிள்ளை போல் அழுதான்.

நிலானியைக் கடைக்குக் கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை. வானில் ஏறும்போதே கடவுச்சீட்டைச் சாரதி வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டானாம்.

“என்ட படம் அவன்ட கையில இருக்கு, அக்கா” என்றாள்.

அந்த வாசகத்தோடு ஸுல்பிகா இன்றைக்கும் வாழ்கிறாள். பொலிசில் எழுதிக் கொடுத்தார்கள், கடவுச்சீட்டு தொலைந்ததாக அறிவித்து இரத்துச் செய்தார்கள், மின்னஞ்சல் பெட்டியைப் பெரும்பாடுபட்டு மீட்டார்கள். வான் கிடைக்கவில்லை, எழுதியவனும் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் சாமான் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே நடந்து போய் நடந்ததைச் சொன்னாள். சில வீடுகளில் திட்டினார்கள். நஃபீஸா திட்டவில்லை, ஆனால் கன நாளைக்கு முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டியைத் தாங்களே திறக்க வேண்டும். கடவுச்சொல்லை அடிக்கும்போது ஸுல்பிகா எழுந்து வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மறந்துவிட்டோம் என்று வந்தால், இருந்து யோசி என்பாள். வந்த கடிதத்துக்குள் அமுக்கிப் போகாமல் முகவரியை அவரவர் கையாலேயே அடித்துப் போக வைக்கிறாள். வாலைப் பார், வாலைப் பார் என்று அவள் சொல்வதைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். புது நம்பர் என்று செய்தி வந்தால், நேரில் முகத்தைப் பார்க்கும்வரை அது நானில்லை என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். இவ்வளவு செய்தும் அவள் பயம் குறையவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தால் விசைப்பலகைமேல் விரல்கள் அப்படியே நிற்கும்.

சில மாதம் கழித்து, ஒரு பிற்பகல், மறுபடியும் அது வந்தது. வேறு பெயர், வேறு நிறம், அதே பேச்சு. இரண்டு மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்து, இல்லாவிட்டால் எல்லாம் அழியும். கீழே கடிகாரம் ஓடியது. ஸுல்பிகாவின் கை தானாகவே எழுந்தது. அழித்துவிட்டு எழும்பியிருக்கலாம், அதுதான் புத்தி, பிள்ளைகளுக்கு அவள் சொல்வதும் அதுதான். ஆனால் அவள் இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள். வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னாள். வியர்த்தது. வாப்பா மடித்து வைத்த சேட்டு ஞாபகம் வந்தது. அன்றைக்கு இப்படி உட்கார்ந்து பார்க்க யாருக்கும் முடியவில்லை, அந்தத் துப்பாக்கிகள் நிஜம். இது வெறும் எழுத்து. அவளுக்கு அது தெரியும், உடம்புக்குத்தான் தெரியவில்லை. எழும்பு, ஓடு, தூக்கு என்று அது கத்திக்கொண்டே இருந்தது.

கடிகாரம் பூச்சியத்துக்கு வந்து நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி கடகடத்தது. அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். வேலை முடிந்து கூட்டிப்போக வந்த ஹஸன், அவள் மேசையில் தலை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுவதைக் கண்டு பதறிப்போய் என்ன நடந்தது என்று கேட்டான்.

“ஒண்டுமில்ல” என்றாள் ஸுல்பிகா. “ரெண்டு மணித்தியாலம் முடிஞ்சிட்டு. நான் இங்கதான் இருக்கிறன்.”